மரம் சாரும் கூத்துப் பாடமும்

ஆங்கிலத் துறையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்கே தெரியாது. மரம் சார் என்றால் போதும், ஜெனரேட்டர் அறையை ஒட்டிய வகுப்பைக் கை காட்டுவார். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கில மொழியியல் அறிமுகம் நடத்துகிறவர் அவர்தான். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கிளை கிளையாகப் பிரித்து, தலைகீழ் மரமாகப் பலகையில் வரைந்துகொண்டே போவார். பலகை போதாமல் சில நாள் ஒரு கிளை சுவருக்கும் தாவிவிடும். பெயர் அதனால் வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மாணவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். வகுப்புக்கு வெளியே யாராவது எதிரே வந்து வணக்கம் சொன்னால் அவருக்குப் பதில் வராது. மரம் மாதிரி நிற்பார்.

நாடகமும் நாவலும் நடத்துகிறவர்கள் அந்தப் பாடத்தைத் தொடமாட்டார்கள். எந்தக் காலத்திலோ அவர் தலையில் கட்டினார்கள், அதோடு சரி, திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கதை படிக்கலாம் என்று ஆங்கிலம் எடுத்த பிள்ளைகள் முதல் வாரமே தொண்டையின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து விழிப்பார்கள். பிறகு ஒரு வேலை தருவார். வீட்டிலோ தெருவிலோ யாராவது பேசுவதைப் பதிவு செய்து, அதை ஒலி ஒலியாக எழுதிக்கொண்டு வரவேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. என்ன சொல்கிறார்கள் என்று கேட்காதே, எப்படி ஒலிக்கிறது என்று மட்டும் கேள். அர்த்தத்தில் காதை விட்டால் ஒலி நழுவிவிடும் என்பார். சரியான விதிதான், அந்த வேலைக்கு.

பருவத்தின் கடைசியில் மூளையும் மொழியும் என்று ஒரு பாடம் வரும். அன்றைக்கு மட்டும் அவருக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிடும். மூளையில் அடிபட்டுப் பேச்சுக் கெட்டுப்போன இரண்டு நோயாளிகளை நடித்துக் காட்டுவார். ஒருவர், ஒரு சொல்லைப் பிடிக்க முக்கி முனகி, கண் பிதுங்கி, கடைசியில் வேறொரு சொல்லைத் துப்புகிறவர். இன்னொருவர், தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் மடமடவென்று கொட்டுகிறவர். வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்ப்பார்கள். அதற்குக் கூத்துப் பாடம் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆண்டு முழுக்கக் கொட்டாவி விட்டவன்கூட அதை மறக்கமாட்டான். அவருக்கும் அதில் பெருமைதான். பெருமைப்பட வேறு என்ன இருந்தது அவருக்கு?

அந்த நடிப்புக்கு வாத்தியார் அவர் மனைவி. அவள் தையல்காரி. மாடி வீட்டின் முன்னறைதான் கடை. காலையில் மெஷினின் உறையை எடுக்கும்போது திறக்கிற வாய், ஊசியில் நூல் கோக்க நுனியை உதட்டில் ஈரப்படுத்துகிற நேரம் மட்டும் மூடும். அளவு கொடுக்க வந்தவளின் குடும்பக் கதை முழுவதையும், அளவு நாடாவை அவள் இடுப்பில் சுற்றி எடுப்பதற்குள் வாங்கிவிடுவாள். துணி தயாரா என்று யார் கேட்டாலும் நாளைக்கு வாங்க என்பாள். தைத்து மடித்து அலமாரியில் இருந்தாலும் நாளைக்குத்தான். உடனே கொடுத்தால் மதிப்பிருக்காது என்பது அவள் கணக்கு. பிள்ளைகள் இல்லை. கொக்கி, பட்டன், காஜா வேலைகளுக்குக் கூட ஒரு பெண் இருந்தாள். அவளைப் பட்டன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவளும் அதற்கே திரும்புவாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்குப் பேசவேண்டிய அவசியமே வரவில்லை. வீட்டுக்கு வேண்டிய பேச்சை, அவர் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கல்லுளிமங்கன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவருக்கு அது பிடிக்கும். கூத்துப் பாடத்துக்கு முந்தைய மாலை அவர் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பார். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வாயைக் கோணினா மட்டும் போதாதுங்க. கையும் தேடணும். சொல்லு எங்கயோ கீழ விழுந்துட்ட மாதிரி" என்று ஒருமுறை திருத்தினாள். மறுநாள் கையும் தேடியது. வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அது வந்தது. ஒரு காலையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பட்டன்தான் கூச்சல் போட்டுக் கீழ்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவருக்குச் செய்தி வந்தபோது ஒரு நீளமான வாக்கியத்தின் பாதி மரத்தில் இருந்தார். சாக்பீஸைக் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். இடது மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது, வலது கை கால் பலவீனமாக இருக்கும், பேச்சு திரும்புவது கஷ்டம் என்று பதமாகச் சொன்னார். மரம் சார் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, முன்பக்கமா பின்பக்கமா, புரிந்துகொள்ளும் திறன் எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். டாக்டர் அசந்துபோய், நீங்களும் இந்தத் துறையா என்றார். ஏறக்குறைய என்றார் இவர். அந்த நேரத்திலும் அடிமனதில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மனிதனை என்னவென்று சொல்வது.

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். "வீட்டுல சும்மா பேசிக்கிட்டே இருங்க சார். அவங்களுக்கு எல்லாம் புரியுது. அவங்க சொல்றது உங்களுக்குப் புரிஞ்சா போதும், சரியாச் சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

மரம் சார் தலையாட்டினார். பொதுஜனத்துக்குச் சொல்கிற அறிவுரை அது என்று எடுத்துக்கொண்டார்.

அவளிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். நாளைக்கு. பசித்தாலும் நாளைக்கு, வலித்தாலும் நாளைக்கு, ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் நாளைக்கு. இது அவருக்குப் புதிதில்லை. இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்வதைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவர் அவர். முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதற்குள் பழக்கினால் பேச்சு வரும் என்றும் படித்திருந்தார். அவளை மீட்டுவிடலாம் என்று உண்மையிலேயே நம்பினார். அந்த நம்பிக்கையில் கள்ளம் இல்லை. அதனால்தான் அவரைத் தடுக்க யாராலும் முடியவில்லை.

கல்லூரி விட்டு வந்ததும் பயிற்சி தொடங்கும். கரண்டி, சாவி, சீப்பு, கத்தரிக்கோல் என்று படங்களை அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். செல்போனைப் பதிவில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன என்று கேட்பார். அவள் கத்தரிக்கோல் படத்தைப் பார்ப்பாள். ஆயுள் முழுக்கக் கையில் வைத்திருந்த சாமான். உதடு குவியும், விரியும், இடது கை காற்றில் எதையோ துழாவும். கடைசியில் நாளைக்கு என்பாள். அவர் குறித்துக்கொள்வார். தண்ணீர் வேண்டுமென்று அவள் சொம்பைக் காட்டினால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சொல்லு, சொன்னால் தருகிறேன் என்பார். கொடுத்துவிட்டால் சொல்லவேண்டிய தேவை அவளுக்கு இருக்காதல்லவா, அதனால். பட்டன் ஒருநாள் பார்க்கப் பொறுக்காமல் சொம்பைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். அவர் அவளிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை, விளக்கம்தான் சொன்னார். அதற்குக் கோபமே மேல்.

ஒரு மாலை அவள் கட்டிலிலிருந்து கால்களைக் கீழே இறக்கி, குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். போன் பதிவில் இருந்தது. தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் அவளால் எழுந்திருக்க முடியாது. அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கே போகவேண்டும், சொல்லு என்றார். நாளைக்கு என்றாள். இல்லை, இடத்தின் பெயர் என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று அவள் குரல் ஏறியது, இறங்கியது, உடைந்தது. அவருக்குக் காது முழுக்க அந்தச் சொல்லின் முதல் ஒலியில் இருந்தது. இன்றைக்கு நாக்கு மேலே கொஞ்சம் வேறு இடத்தில் தொடுகிறது, வேறொரு சொல் பிறக்கப் போகிறது என்று நினைத்தார். முன்னால் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே துணி நனைந்து தரையில் ஓடியதை அவர் கால்விரல்தான் முதலில் உணர்ந்தது.

அவர் பதறிப்போய்த் துடைத்தார், மாற்றினார், கழுவிவிட்டார். மன்னிச்சுக்கோ என்று சொன்னாரா என்றால், இல்லை. சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குப் பதிவின் கீழே, ஒரே சொல், பொருள் இல்லை என்று எழுதி வைத்தார். அதற்குப் பிறகு அவள் அவரிடம் அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. படத்தைக் காட்டினால் சுவரைப் பார்த்தாள். தண்ணீர் வேண்டுமானால் பட்டன் வரும்வரை தாகத்தோடு இருந்தாள். நோய் முற்றிவிட்டது, இருந்ததும் போய்விட்டது என்று அவர் நினைத்தார். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புத்தகத்தில் அதற்குப் பெயர் தேடினார்.

பெயர் கிடைக்கும் முன்பே உண்மை கிடைத்தது. ஏதோ கூட்டத்துக்காக மதிய வகுப்புகளை ரத்து செய்துவிட்டார்கள். அவர் சீக்கிரமாக வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறும்போது மேலே சிரிப்புச் சத்தம். அவள் சிரிப்புத்தான், சந்தேகமே இல்லை. பட்டன் ஏதோ சொல்ல, நாளைக்கு என்று அவள் இழுத்தாள். பழைய நாளில், அடுத்தவள் வீட்டு ரகசியத்தைத் தெரிந்துகொண்டு அப்படியா என்பாளே, அதே ராகம். பட்டன் இன்னும் ஏதோ சொன்னாள். நாளைக்கு நாளைக்கு நாளைக்கு என்று பதில் பொரிந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவர் நின்றார். அவருக்கு அழுகை வந்தது. பேச்சு போகவில்லை, அவரைத்தான் விட்டுப் போயிருந்தது. கதவைத் திறந்தார். சத்தம் நின்றது.

அவள் மறுபடி தன்னிடம் ஒரு சொல் பேசவேண்டும். அன்றிலிருந்து அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. படங்களைக் கட்டிப் பரணில் போட்டார். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. பட்டனைப் படிக்கட்டில் மறித்து, நீங்கள் இருவரும் என்னதான் பேசுவீர்கள் என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். சும்மா வம்புதான். நான் சொல்வேன், அக்கா நாளைக்கும்பாங்க. முகத்தைப் பார்த்தா தெரிஞ்சிரும்."

"என்ன தெரியும்?"

"என்ன சொல்றாங்கன்னு" என்றாள் பட்டன், இதிலென்ன கேள்வி என்கிற மாதிரி.

வம்பு பேசப் பார்த்தார். பாவம், அவரிடம் வம்பு ஏது? துறைத்தலைவர் புதுக் கண்ணாடி வாங்கியதைச் சொன்னார். அது பாடம் மாதிரி ஆரம்பித்துப் பாடம் மாதிரியே முடிந்தது. ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். வேறு எதுவும் தோன்றாமல், கட்டிலுக்குப் பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷம் அவள் ஒருத்தியே இழுத்துக்கொண்டு போன வண்டி எவ்வளவு பாரம் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒருநாள் பிய்ந்த பட்டனோடு ஒரு சட்டையை அவள் மடியில் வைத்தார். அவள் இடது கையால் துணியைத் தடவிப் பார்த்தாள். நூல் தொங்குகிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, அவரை ஏறிட்டாள். பேசிவிடுவாள் போலிருந்தது. அவர் காத்திருந்தார். பார்வை அவள் உதட்டுக்குப் போய்விட்டது. வழக்கம். அவள் சட்டையைத் தள்ளிவிட்டாள்.

பருவம் முடியும் வேளை. மூளைப் பாடம் வந்தது. மேல் வகுப்புக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள் போல, அறையில் நிற்க இடமில்லை, ஜன்னலெல்லாம் தலைகள். மரம் சார் மூளையின் படத்தை வரைந்தார். எது எங்கே என்று எழுதினார். நடிப்பு வேண்டாம் என்ற முடிவோடுதான் வந்திருந்தார். சார், அந்தக் கூத்து என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, ஆனால் அவர் அதை வைத்து எல்லாம் பேசுகிறார் என்றார். அது எப்படி என்று காட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பசிக்கிற நாளைக்கு, வலிக்கிற நாளைக்கு, வம்புக்குச் சிரிக்கிற நாளைக்கு. இடது கை தானாகக் காற்றில் துழாவியது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையாக நடித்ததே இல்லை. வகுப்பு வெடித்துச் சிரித்தது. கைதட்டல் வராந்தாவரை கேட்டது. அவர் சிரிக்காதீங்க என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை.

பஸ்ஸில் வரும்போது அவருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. வெட்கமும் வேதனையுமாக இருந்தது. ஆனாலும் அவளிடம் சொல்ல இப்போது ஒன்று இருந்தது. பாடம் இல்லை, துறைத்தலைவரின் கண்ணாடி இல்லை, தனக்கே நடந்தது. அவர் அவசரமாகப் படியேறினார். மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த பட்டனைக்கூடப் பார்க்காமல், கட்டிலருகே நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். இத்தனை வருஷம் நான் செய்தது தப்பு, இன்றைக்குப் புரிந்தது, நீ எவ்வளவு பேசுகிறாய் என்று அவர்களுக்குக் காட்டினேன், அவர்கள் சிரித்தார்கள் என்று கோர்வை இல்லாமல் கொட்டினார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அவள் கண் அவர் மேலேயே இருந்தது. முகம் லேசாக இளகியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இப்படித்தான் காட்டினேன்" என்றார். வாயைக் குவித்து, கையைத் துழாவவிட்டு, அவள் குரலில் நாளைக்கு என்றார்.

கண்ணாடி முன்னால் அவர் ஒத்திகை பார்ப்பதை எத்தனை முறை கவனித்தவள் அவள். கை தேடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். கூத்தில் தனக்கு இப்போது எந்த வேஷம் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ரத்தம் சுண்டியது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பட்டன் துணியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் அவர் கல்லூரியில் இருந்தபோது அவள் சுவரில் மாட்டியிருந்த தங்கையின் போட்டோவைக் காட்டி, காதில் கை வைத்துப் பட்டனிடம் கேட்டிருக்கிறாள். பட்டன் போன் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தங்கை அதற்கடுத்த நாள் காரோடு வந்து நின்றாள்.

"நீங்களும் வேலைக்குப் போறவரு அத்தான். அக்கா கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச நாள் என்பதைச் சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை.

அவர் மனைவியைப் பார்த்தார். நீ போறியா என்று கேட்டார். அவள் தங்கையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதுவே பதில். நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்கினார்கள். நாற்காலியின் ஒரு காலை அவரும் பிடித்தார். கார்க் கதவருகே பட்டன் அழுதாள். அவள் கன்னத்தைத் தட்டி, நாளைக்கு என்றாள் மனைவி, ஆறுதலாக. அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு சொல்லுக்காக, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நின்றார். அவள் மெஷின் இருக்கிற மாடி ஜன்னலைப் பார்த்தாள். காரைக் கிளப்பினார்கள்.

மெஷினைப் பட்டனே வைத்துக்கொள்ளட்டும் என்று தங்கை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் அதை எடுக்கப் பட்டன் வந்தபோது மரம் சார் கட்டிலில் போனோடு உட்கார்ந்திருந்தார். மனைவியின் குரலைக் கேட்கவேண்டும் என்று பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருந்தார். எல்லாவற்றிலும் அவர் குரல்தான் இருந்தது. இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் நிறையப் பேசியது ஒரே ஒரு பதிவில். அதைப் போட்டு, போனைப் பட்டன் பக்கம் நீட்டினார்.

"இதுல என்ன சொல்றா?"

பட்டன் காது கொடுத்துக் கேட்டாள். முகம் மாறியது. "உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியலை. நீ சொல்லு."

அவள் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "பாத்ரூம் போகணும்ங்கிறாங்க." போன் ஓடியது. "அவசரம்ங்கிறாங்க." நடுவில் அவர் குரல், முதல் ஒலி மட்டும் சொன்னால் போதும் என்றது. "இப்பத் திட்டுறாங்க." பிறகு அந்தச் சொல் தணிந்து, இழுபட்டு, திரும்பத் திரும்ப வந்தது.

"இது?"

பட்டன் மெஷினின் உறையைச் சரிசெய்தாள். "இது உங்களைக் கூப்பிடுறாங்க சார். ஏங்க, ஏங்கன்னு."

பதிவு இன்னும் முடியவில்லை. அவர் குரல் வந்தது. சரியாக வரவில்லை, மறுபடி சொல்லு என்றது.